குளத்துக்குக் கீழே வீடு கட்டினவர்கள்

நான் வவுனியா நகரத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன். நகரம் எந்தப் பக்கமாக வளர்கிறது என்பதை எங்கள் பில் புத்தகத்தைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். முதலில் ஒருவர் வந்து நாலைந்து சுருள் முள்ளுக்கம்பியும் கொங்கிரீட் தூணும் வாங்குவார். எங்கே இறக்க வேண்டும் என்று கேட்டால் கூமாங்குளம் என்பார், மகாறம்பைக்குளம் என்பார். சில மாதம் கழித்து அதே ஆள் தண்ணீர் மோட்டாருக்கும் குழாய்க்கும் வருவார். பிறகு மலசலகூடக் கோப்பை. அதற்குப் பிறகுதான் அத்திவாரத்துக்குக் கம்பி. ஒரு வருடமோ மூன்று வருடமோ, கையில் காசு சேருகிற வேகத்தைப் பொறுத்துச் சீமெந்து ஏறிக்கொண்டே இருக்கும். கடைசியாகக் கேற், வாசல் கதவு. கேற் வாங்க வருகிற அன்று மனைவியும் கூட வருவார். என்ன நிறம் என்று இரண்டு பேரும் கடை வாசலில் நின்று கனநேரம் கதைப்பார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். எத்தனை இடம்பெயர்ந்து, எத்தனை தகரக் கொட்டிலில் இருந்துவிட்டு வந்து நிற்கிறார்கள் என்பது தெரிந்ததால் பிடிக்கும்.

2022ஆம் ஆண்டு ஒரு மூட்டைச் சீமெந்து 3,000 ரூபாய்க்குப் போனபோது கேற் வாங்க ஒருவரும் வரவில்லை. அந்த வருடம் பாதியில் நின்ற சுவர்கள் சிலவற்றுக்குள் இப்போது ஆமணக்கு வளர்ந்து நிற்கிறது. மற்றவை எழும்பிவிட்டன.

அந்தப் பில்களில் எழுதுகிற இடங்களின் பெயர்களைச் சும்மா ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், உக்குளாங்குளம், இறம்பைக்குளம், கோவில்குளம், வேப்பங்குளம், தாண்டிக்குளம், ஆசிகுளம், ஈச்சங்குளம், நெளுக்குளம். இடையில் குருமன்காடு, தோணிக்கல், பூந்தோட்டம் என்று ஒன்றிரண்டு விலகி நிற்கும். மற்றதெல்லாம் குளம். நகரத்துக்கே வவுனியாக் குளம் இருக்கிறது. நான் பல வருடம் இந்தப் பெயர்களை விலாசமாகத்தான் எழுதினேன். ஒவ்வொன்றும் தண்ணீர் நிற்கிற இடத்தின் பெயர் என்பது எங்கள் குசினிக்குள் தண்ணீர் வந்த பிறகுதான் உறைத்தது.

எங்கள் வீடு மன்னார் வீதியிலிருந்து உள்ளே இறங்குகிற ஒரு கிரவல் ஒழுங்கையில், நெளுக்குளம் பக்கம். அந்த ஒழுங்கையின் முடிவில் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் இந்த ஆக்கள் எல்லோரும் இங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்லாமல் குளத்தைப் பற்றிச் சொல்ல முடியாது.

1981 குடிசனக் கணக்கெடுப்பில் வவுனியா மாவட்டத்தில் ஏறத்தாழ 95,000 பேர். 2012இல் ஏறத்தாழ 172,000. இது பிறப்பால் மட்டும் கூடின தொகை இல்லை. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தையும் வன்னியின் உட்புறத்தையும் விட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அப்போது வவுனியாவில் தங்குவதற்கே பாஸ் வேண்டும். நாள் பாஸ், கிழமைப் பாஸ், மாதப் பாஸ். பூந்தோட்டம் முகாமுக்கு வந்து, அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்து, பிறகு அக்கம்பக்கத்திலேயே காணி வாங்கினவர்கள் பலர். 2009இல் செட்டிகுளத்து மனிக் பாம் அகதி முகாமுக்குள் நாங்கள் வந்தோம். அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. எல்லோரும் ஊர் திரும்பினார்கள் என்று அப்போது எழுதினார்கள். திரும்பினோம், உண்மைதான். ஆனால் திரும்பிப் போன ஊரில் ஆஸ்பத்திரி தூரம், ரியூஷன் தூரம், வேலை அதைவிடத் தூரம். கொஞ்சப் பேர் மறுபடி வவுனியாவுக்கே வந்தோம்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டு, குளத்தின் இடதுகரை. அப்பாவுக்கு அங்கே வயல் இருந்தது, இப்போதும் இருக்கிறது, தம்பி செய்கிறான். அம்மாவுக்குக் கிளினிக்குக்காக மாதத்தில் இரண்டு தடவை வவுனியா வர வேண்டியிருந்தது. மகள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்குப் படிக்கத் தொடங்கினாள். 2014இல், யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கின அதே வருடம், இரண்டு பரப்புக் காணி வாங்கினோம்.

எங்கள் ஒழுங்கையில் பதினான்கு வீடு. முன்வீட்டு அக்கா விசுவமடு. அவவுக்குப் பக்கத்தில் புங்குடுதீவு அண்ணை. மூலை வீட்டு ஆச்சியின் குடும்பம் 1977க்குப் பிறகு ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தது. எங்கள் எல்லோருக்கும் முந்தி வந்தவர்கள் அவர்கள். அந்தக் காலத்தில் இவ்விடம் காடு, ஆச்சியின் புருஷன் வீரையும் பாலையும் வெட்டித்தான் குடிசைக்கு இடம் எடுத்தாராம். ஆனாலும் இன்றைக்கும் யாராவது ஆச்சியைப் பார்த்து “நீங்க எந்த இடம்?” என்று கேட்பார்கள். ஆச்சி “நெளுக்குளந்தான்” என்பா. கேட்டவர் விடமாட்டார். “அது சரி, சொந்த இடம்?” நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தவவிடம் இப்படிக் கேட்பது எனக்கு மனம் நோகிற விஷயம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாக இருக்கிறார்கள், சாவீட்டுக்கு எல்லோரும் போகிறோம், பந்தல் கட்டுகிறோம். ஆனால் அந்த இரண்டாவது கேள்வி மட்டும் ஓயவில்லை.

சரி, குளத்துக்கு வருவோம்.

குளத்துக்குக் கீழே இருபதுக்கும் குறைவான ஏக்கர் வயல். பழைய குடும்பங்கள் ஏழோ எட்டோ செய்கின்றன. துருசு, அதாவது குளத்துத் தண்ணீரை வயலுக்கு விடுகிற மடை, அதைத் திறக்கிற பொறுப்பு ஒரு ஐயாவிடம். எழுபது வயதைத் தாண்டினவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்னேரம் ஒருக்கால் சைக்கிளில் வந்து குளக்கட்டில் நடந்துவிட்டுப் போவார். வந்த புதிதில் அவரைப் பார்த்து மரியாதைக்குத் தலையாட்டுவதோடு சரி. அவருடைய வேலை வயல்காரருக்கானது, எனக்கு வயல் இல்லை, அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் கிணறு இருபத்திரண்டு அடி. அதுக்குக் கீழே பாறை, வெடி வைத்தால்தான் போகும். வவுனியாவில் பெரும்பாலும் இப்படித்தான். மேலே ஊறின மண்ணில் நிற்கிற தண்ணீர்தான் தண்ணீர், பாறைக்குள் வெடிப்பு இருந்தால் அதிர்ஷ்டம். குடிக்க நாங்கள் கானில் பில்டர் தண்ணீர் வாங்குகிறோம். கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்க வைத்தால் வெள்ளையாகக் கல்லுப் பிடிக்கும். சிறுநீரக நோய் இந்த மாவட்டத்தில் எத்தனை குடும்பத்தைத் தின்றது என்று தெரிந்த பிறகு ஒருவரும் துணிந்து குடிப்பதில்லை. ஆனால் குளிக்க, தோய்க்க, ஐந்து தென்னையும் ஒரு முருங்கையும் பிழைக்க, எல்லாம் கிணறுதான். குழாய்த் தண்ணீர் எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் வரவில்லை.

ஒரு வருடம் செப்டெம்பரில் இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த கிணறுகள் அடியோடு வற்றின. எங்களுடையதில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. நல்ல ஊற்றுக் கண் விழுந்த கிணறு என்று பெருமையாக ஐயாவிடம் சொன்னேன். அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு குளக்கட்டுப் பக்கம் கையை நீட்டினார்.

“ஊத்துக் கண் இல்லைத் தம்பி. உது குளத்துத் தண்ணி. குளம் வத்தி ரெண்டு மாசத்தால கிணறு வத்தும். இந்த முறை சிறுபோகம் செய்யாமல் தண்ணியை விட்டு வைச்சிருக்கிறம், அதால நிக்குது.”

அன்றிரவு படுத்துக்கொண்டு அதையே யோசித்தேன். ஏழெட்டுக் குடும்பம் சிறுபோகத்தை, கோடையில் செய்கிற நெல்லை, விட்டதால் நான் குளித்திருக்கிறேன். அது எனக்குத் தெரியவும் இல்லை. குளம் வயலுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு அதன் தண்ணீரில்தான் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

எங்கள் மதிலின் கதையையும் சொல்ல வேண்டும். காணி வாங்கும்போது பிளானில் பின் எல்லையோடு சேர்த்து மெல்லிய கோடு ஒன்று இருந்தது. தரகரிடம் கேட்டேன். “அது பழைய வாய்க்கால், இப்ப தண்ணி வாறேல்லை” என்றார். போய்ப் பார்த்தால் உண்மையாகவே புல் மூடின ஒரு பள்ளந்தான். 2017இல் மதில் கட்டியபோது அந்தப் பள்ளத்துக்குள் இரண்டு டிப்பர் கிரவல் கொட்டி நிரப்பி, அதன்மேல் அத்திவாரம் போட்டேன். கிரவலை மலிவாக எடுத்துத் தந்தது எங்கள் கடைக்குச் சாமான் ஏற்றுகிற டிப்பர்தான். எனக்குப் பக்கத்துக் காணிக்காரரும் நிரப்பினார், அவருக்குப் பக்கத்துக்காரரும் நிரப்பினார். நான் தொடங்கி வைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. எங்கள் பக்கம் காற்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மழைதான். குளம் நிறைந்து வான் பாயத் தொடங்கினது. வான் என்றால் குளத்தில் மிஞ்சின தண்ணீர் வழிந்து வெளியேறுகிற இடம். வான் பாய்கிற தண்ணீர் வாய்க்காலால் இறங்கி அடுத்த குளத்துக்குப் போக வேண்டும், அதிலிருந்து அடுத்ததுக்கு. வன்னியின் சின்னக் குளங்கள் தனித்தனியாக நிற்பதில்லை. மேலே உள்ளது நிறைந்தால் கீழே உள்ளதுக்கு விடும், சங்கிலி மாதிரி. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை நானும் என் பக்கத்து வீட்டுக்காரரும் கிரவல் போட்டு அடைத்திருந்தோம். தண்ணீர் மதிலோடு முட்டி நின்று, திரும்பி, ஒழுங்கைக்குள் ஏறியது. விடியப்புறம் நாலு மணிக்கு மனைவி எழுந்து குசினி லைற்றைப் போட்டபோது அரிசி வாளி மிதந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் முழங்காலுக்குக் கீழே. மூலையில் இருக்கிற ஆச்சியின் வீடு பள்ளம். அங்கே கட்டில் மட்டத்துக்கு வந்துவிட்டது. ஆச்சியை நானும் புங்குடுதீவு அண்ணையும் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் ஆச்சி ஒன்றும் பேசவில்லை. கையில் ஒரு பையை இறுக்கிப் பிடித்திருந்தா. அதற்குள் காணி உறுதி இருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு ஐயா வந்தார். என் மதிலைப் பார்த்தார். என்னைப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். “உம்மட அப்பாவும் வயல் செய்யிறவரெல்லே” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியோடு ஒரு கிழமை என்னால் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை. முத்தையன்கட்டில் எங்கள் வாய்க்காலை யாராவது ஒரு சாண் அடைத்திருந்தால் அப்பா மண்வெட்டியோடு போய் நின்றிருப்பார். நான் அவருடைய பிள்ளை. வாய்க்கால் தெரியாமல் வளர்ந்தவன் இல்லை. ஆனால் இது என் வாய்க்கால் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. என் வாய்க்கால் அங்கே, முத்தையன்கட்டில். இது நான் இருக்கிற இடம், அவ்வளவுதான். பதினான்கு வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கிறோம் என்று படுகிறது. எல்லோருடைய குளமும் வேறெங்கோ இருந்தது.

ஜனவரியில் மதிலை உடைத்தோம். ஐந்தடி அகலத்துக்கு. கிரவலை வெட்டி எடுத்துப் பழைய மட்டம் வரும்வரை தோண்டினோம். அடியில் கறுத்த மண், சின்னச் சின்னச் சிப்பி ஓடுகள். தண்ணீர் ஓடின இடம் என்று மண்ணே சொன்னது. மதிலுக்குக் கீழே ஒரு மதகு வைத்தோம், ஒழுங்கையைக் கடக்கிற இடத்தில் பெரிய கொங்கிரீட் குழாய் இரண்டு. ஐயா வந்து இருந்து மட்டம் பார்த்தார். மட்டப் பலகை ஒன்றும் இல்லை, ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு அது போகிற வேகத்தைப் பார்த்தார். “இன்னும் ரெண்டு விரல் இறக்கும்” என்றார். இறக்கினோம். பக்கத்துக் காணிக்காரர் முதலில் ஒத்துவரவில்லை, பிறகு வந்தார். மூன்றாமவர் வெளிநாட்டில். அவருடைய மச்சானோடு எத்தனை தடவை தொலைபேசியில் கதைத்திருப்பேன் என்று கணக்கில்லை. கடைசியில் அவரும் விட்டார்.

இதற்கிடையில் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். 200 ஏக்கருக்கு மேற்படாத வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிற குளங்கள் சிறிய குளங்கள், அவை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் வருகின்றன. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி வயலை நிரப்புவதற்கு அனுமதி வேண்டும். கமக்காரர் அமைப்புகளுக்கும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எல்லாம் எழுத்தில் இருக்கிறது. ஆனால் காணி வாங்க வருகிறவருக்கு இதை யார் சொல்கிறார்கள்? தரகர் சொல்லமாட்டார். உறுதி எழுதுகிறவர் கேட்டால்தான் சொல்லுவார். எங்கள் கடையில் முள்ளுக்கம்பி வாங்குகிறவரிடம் இப்போது நான் கேட்கிறேன்: “காணிக்குப் பின்னால் வாய்க்கால் இருக்கா அண்ணை? பிளானில மெல்லிசாக் கோடு ஏதும் கிடக்கா?” சில பேர் முறைப்பார்கள். முறைத்தாலும் கேட்கிறேன்.

2025 மே மாதத் தேர்தலில் நகரத்து ஆக்கள் முதன்முதலாக மாநகரசபைக்கு வாக்களித்தார்கள். அதுவரை அது நகரசபை. நாங்கள் பிரதேச சபை எல்லைக்குள். 2021 ஓகஸ்டில் பம்பைமடு வளாகம் தனிப் பல்கலைக்கழகமானதிலிருந்து மன்னார் வீதியெங்கும் மாணவர்களுக்கு அறை கட்டுகிறார்கள். நல்ல விஷயம். மகள் அங்கே படிக்கப் போவாள் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் நகரம் எங்களை நோக்கி வருகிற வேகத்தைப் பார்த்தால், இன்னும் பத்து வருடத்தில் இந்தப் பக்கத்தில் வயல் எவ்வளவு மிஞ்சும் என்று பயமாக இருக்கிறது. வயல் போனால் துருசு திறக்கத் தேவையில்லை. துருசு திறக்கத் தேவையில்லை என்றால் குளக்கட்டைப் பார்க்க ஆளில்லை. ஆள் பார்க்காத குளம் முதலில் குப்பைக் கிடங்காகும், பிறகு காணியாகும். அப்போது எங்கள் கிணறுகளின் கதி?

போன வருடம் வரட்சிக் காலத்தில் அலைகரையில் நாலு கட்டை நட்டிருந்தது. அலைகரை என்றால் குளம் முட்டி நிறையும்போது தண்ணீர் ஏறி நிற்கிற விளிம்பு. கோடையில் அது வெறும் புல்வெளி மாதிரித் தெரியும். மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் அடிப்பார்கள். நல்ல காணி, மருதமர நிழல், குளத்துக் காற்று. யார் நட்டது என்று எழுத விரும்பவில்லை. கட்டையைக் கண்டது மூலைவீட்டு ஆச்சியின் பேரன். அன்று பின்னேரமே ஒழுங்கையில் இருந்து பதினொரு பேர் அலைகரையில் போய் நின்றோம். வயல்காரர் நாலு பேர் வந்தார்கள். கிராம சேவகருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் கடிதம் எழுதினது நான். கையெழுத்து வாங்கப் போனபோது ஒரு சங்கடம். கடிதத்தில் “நாங்கள் இக்குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரர்கள்” என்று போட முடியாது, பாதிப் பேருக்கு வயல் இல்லை. என்ன போடுவது என்று ஐயாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “குளத்துக்குக் கீழ இருக்கிற ஆக்கள் எண்டு போடும்” என்றார். அப்படியே போட்டேன். ஆச்சி தமிழில் கையெழுத்து வைத்தா, ஒவ்வொரு எழுத்தாக, கனநேரம் எடுத்து. அந்த இடத்தில் யாரும் சொந்த இடம் எது என்று கேட்கவில்லை.

கட்டைகள் இரண்டு மாதத்தில் போய்விட்டன. திரும்ப வராது என்று சொல்லமாட்டேன்.

மாரிக்கு முந்திக் குளக்கட்டில் பற்றை வெட்டினோம், வாய்க்காலைத் துப்புரவாக்கினோம். வான் பக்கத்தில் அடைத்துக் கிடந்த ஆகாயத்தாமரையும் போத்தலும் ஷொப்பிங் பையுமாக இரண்டு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டி நிறைந்தது. குளக்கட்டுப் பிள்ளையாருக்குப் பொங்கினோம். விசுவமடு அக்காதான் பானை வைத்தா.

நவம்பர் கடைசியில் ஒரு இரவு பத்து மணியிருக்கும், தொலைபேசி அடித்தது. ஐயா. “தம்பி, வான் பாயுது. வந்து பாருமன்.” மழை விட்டிருந்தது. டோர்ச் லைற்றோடு குடையையும் பிடித்துக்கொண்டு போனால், எனக்கு முந்தியே ஆக்கள் நிற்கிறார்கள். ஒழுங்கையே அங்கே வந்துவிட்டது. இருட்டுக்குள் வான் இரைகிற சத்தம். முத்தையன்கட்டு வான் பாய்ந்தால் எங்கள் வீட்டுக்குக் கேட்கும் என்று நான் சொன்னேன். விசுவமடு அக்கா தன் பங்குக்கு இரணைமடுவைப் பற்றிச் சொன்னா, கதவு திறந்தால் தண்ணீர் புகை மாதிரி எழும்புமாம். புங்குடுதீவு அண்ணை கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்குக் குளம் இல்லை, கேணிதான். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ஒரு மைல் நடந்த கதையைச் சொன்னார். ஆச்சி வரவில்லை, கால் ஏலாது. ஆனால் பேரனிடம் சொல்லி அனுப்பியிருந்தா, வான் எந்த மட்டத்தில் பாய்கிறது என்று பார்த்துவந்து சொல்லச் சொல்லி. பேரன் சிரித்துக்கொண்டு சொன்னான், ஆச்சிக்கு மழைச் சத்தம் கேட்டாலே தோட்டத்துப் பீலியடி, தண்ணீர் விழுகிற குழாயடி, ஞாபகம் வந்துவிடுமாம்.

நாங்கள் கதைத்துக்கொண்டு நிற்க, ஐயா மட்டும் குளக்கட்டின் உட்புறமாகக் குனிந்து, தண்ணீர் கட்டைத் தொடுகிற ஓரத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு போனார். ஒரு இடத்தில் நின்றார்.

“தம்பி, லைற்றை இங்கால பிடியும்.”

போய்ப் பிடித்தேன். கட்டில் ஒரு நண்டு வளை. அதன் வாயில் தண்ணீர் மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஐயா ஒரு கைப்பிடி களிமண்ணை உருட்டி அதில் வைத்து அமத்தினார். பிறகு என் கையிலும் ஒரு உருண்டை தந்தார்.